நேற்று நன்றாகத்தானே இருந்தார்?

திங்கட்கிழமை முழு நாளும் வேலை பார்த்தவர், செவ்வாய்க்கிழமை காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை என்று போன் செய்கிறார். வியாழக்கிழமை திரும்பி வருகிறார். முகத்தில் சோர்வுகூடத் தெரியவில்லை. "நேற்று நன்றாகத்தானே இருந்தார்?" என்ற பேச்சு அலுவலகத்தில் அப்போதுதான் கிளம்பும். சக்கர நாற்காலியில் வருபவரைப் பார்த்து யாரும் இப்படிக் கேட்பதில்லை. வந்து வந்து போகிற நோய் உள்ளவர்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் தங்கள் நோயை நிரூபித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

வலிப்பு, ஒற்றைத் தலைவலி, மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதம், உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் லூபஸ், மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், ரத்த அணுக்கள் அரிவாள் வடிவமாகும் சிக்கிள் செல் ரத்தசோகை, குரோன்ஸ் போன்ற குடல் அழற்சி, மிதமிஞ்சிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறு, மனச்சோர்வு எல்லாமே இந்த வகைதான். நோய் உள்ளே எப்போதும் இருக்கிறது. தொந்தரவு சில நாட்களில் மட்டும் தலைதூக்கும். எப்போது வரும், எத்தனை நாள் நிற்கும் என்பது அவருக்கே தெரியாது. நிறுவனத்துக்கு உண்மையான சிரமம் தருவது விடுப்பு நாட்களின் எண்ணிக்கை அல்ல, அவை சொல்லாமல் வருவதுதான். ஆகவே மோசமான நாளுக்கான ஏற்பாட்டை நல்ல நாளில் பேசி, எழுதி வைத்துவிட வேண்டும். இந்தப் பதிவு அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியது. மேலாளர்களும் எச்.ஆர். பொறுப்பில் இருப்பவர்களும் படித்தால் நல்லது.

முதலில் சட்டம். அமெரிக்கா 2008-இல் தன் ஊனமுற்றோர் சட்டத்தைத் திருத்தியபோது, விட்டுவிட்டு வரும் பாதிப்பு கிளம்பியிருக்கும் நேரத்தில் ஒருவரின் அன்றாடச் செயல்களைப் பெரிதும் முடக்குமானால் அதுவும் ஊனமே என்று தெளிவாக எழுதியது. பிரிட்டனின் 2010 சமத்துவச் சட்டம், திரும்ப வரக்கூடிய பாதிப்பைத் தொடர்ந்து இருக்கும் பாதிப்பாகவே கொள்கிறது. கனடாவின் 2019 சட்டம் வரையறையிலேயே இதைச் சேர்த்துவிட்டது. நம்முடைய 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு சொல் இல்லை. "நீண்டகால" பாதிப்பு என்று மட்டும் சொல்கிறது. அதன் பட்டியலில் உள்ள 21 வகைகளில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பார்க்கின்சன், ஹீமோபிலியா, தலசீமியா, சிக்கிள் செல், மனநோய் ஆகியவை உண்டு. வலிப்பும் ஒற்றைத் தலைவலியும் லூபஸும் தனி வகைகளாக இல்லை. இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு, ஊனம் 40 சதவீதமாவது இருக்கிறது என்ற சான்றிதழ் வேண்டும். ஏறி இறங்கும் நோயை ஒற்றைச் சதவீதத்தில் அடக்குவது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தேவையில்லை.

அதனால் "மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கொண்டு வாருங்கள், பிறகு பார்க்கலாம்" என்று ஒரு மேலாளர் சொன்னால், இவர்களில் பாதிப் பேருக்குக் கதவு அங்கேயே மூடிவிடும். உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், விகாஷ் குமார் எதிர் யு.பி.எஸ்.சி. வழக்கில், நியாயமான ஏற்பாடு (அவருக்கு ஏற்றபடி வேலையிலோ தேர்விலோ செய்து தரும் மாற்றம்) கேட்பதற்கு அந்த 40 சதவீதம் முன்நிபந்தனை அல்ல என்று தீர்ப்பளித்தது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் கோளாறு உள்ள ஒரு தேர்வர் பற்றிய வழக்கு அது. 20 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் தனியார் நிறுவனம் தன் சம வாய்ப்புக் கொள்கையில் என்னென்ன வசதிகள் தரப்படும் என்று எழுதி, அதற்கென ஒரு தொடர்பு அலுவலரையும் நியமிக்க வேண்டும் என்கின்றன 2016 சட்டத்தின் கீழ் வந்த 2017 விதிகள். உங்கள் நிறுவனத்தில் அந்தக் கொள்கை இருந்தால், "விட்டுவிட்டு வரும் உடல், மனநலப் பாதிப்புகளுக்கும் இது பொருந்தும்" என்று ஒரு வரி சேருங்கள். செலவில்லாத வேலை, பலன் பெரியது.

இனி பேச்சு. "என்ன வியாதி?" என்று தொடங்க வேண்டாம். நோயின் பெயர் தெரிந்து மேலாளர் எந்த முடிவும் எடுக்கப் போவதில்லை. இணையத்தில் தேடிப் பயந்துபோவதுதான் நடக்கும். தெரிய வேண்டியவை வேறு. மோசமான நாளில் எந்த வேலை அறவே முடியாது, எது மெதுவாகவாவது முடியும்? வரப்போகிறது என்று எவ்வளவு முன்னால் தெரியும்: ஒரு நாளா, அரை மணியா, தெரியவே தெரியாதா? வந்தால் வழக்கமாக எவ்வளவு நேரம் இருக்கும்? வேலையிடத்தில் எது அதைக் கிளப்பிவிடுகிறது? அந்த நேரத்தில் நாங்கள் என்ன செய்ய வேண்டும், எதைச் செய்யவே கூடாது? யார் யாருக்கு, எவ்வளவு தெரியலாம்?

டாக்டர் கடிதமும் இதே போக்கில் இருக்கட்டும். "இரவு ஷிப்ட் வேண்டாம், ஏணி ஏற வேண்டாம், 6 மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம்" என்று வேலையின் மொழியில் எழுதித் தந்தால் போதும். ஆண்டுக்கு ஒரு கடிதம் வாங்கி எச்.ஆர். அலமாரியில் பூட்டி வையுங்கள். ஒவ்வொரு ஒரு நாள் விடுப்புக்கும் சான்றிதழ் கேட்காதீர்கள். ஒற்றைத் தலைவலியில் வெளிச்சம்கூடத் தாங்காமல் கிடப்பவரை, ஒரு காகிதத்துக்காக வெயிலில் கிளினிக்குக்குப் போய் டோக்கன் போட்டு உட்காரச் சொல்வது கொடுமை.

பேசியதை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பக்கம் ஆனால் யாரும் படிக்க மாட்டார்கள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் கணக்குப் பிரிவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஜி.எஸ்.டி. வேலை பார்ப்பவருக்கு ஒற்றைத் தலைவலி. மருந்தில்லாமல் விட்டால் ஒரு தாக்குதல் 4 மணி முதல் 72 மணி நேரம் வரை நிற்கும். கணக்கு வேலையோ தேதியைக் கட்டிக்கொண்டு ஓடுவது: மாதாமாதம் 7-ஆம் தேதி டி.டி.எஸ். வரி, 11-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-1 என்ற விற்பனை ரிட்டர்ன், 15-ஆம் தேதி பி.எஃப்., தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ., 20-ஆம் தேதி ஜி.எஸ்.டி.ஆர்.-3பி ரிட்டர்ன். தாக்குதல் 3 நாள் நிற்கலாம் என்றால் அலுவலகத்துக்குள் வைக்கும் கெடுவும் 3 நாள் முன்னால் இருக்க வேண்டும்: 4, 8, 12, 17. வாரக் கடைசியில் வந்தால் இன்னும் ஒரு நாள் முன்னால். இரண்டாவது ஆள் ஒருவர் மாதம் ஒரு முறையாவது அந்த வேலையைத் தானே செய்து பழகியிருக்க வேண்டும். வேடிக்கை பார்த்தது பழக்கம் ஆகாது.

இதில் எல்லாரும் மறப்பது ஓ.டி.பி. ஏற்பாடெல்லாம் சரியாக இருக்கும். 20-ஆம் தேதி மாலை ரிட்டர்ன் போட உட்கார்ந்தால் ஓ.டி.பி. உடம்பு முடியாமல் படுத்திருப்பவரின் போனுக்குப் போகும். மனுஷன் போனை அணைத்துவிட்டு இருட்டறையில் கிடப்பார். போர்ட்டலில் நிறுவனத்தின் பொது எண்ணைப் பதிந்து வையுங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன், பீரோ சாவி, டாலி பாஸ்வேர்டு எல்லாவற்றுக்கும் இதே விதி. மேலாளரிடமிருந்து போன் வராமல் ஒருவர் மூன்று நாள் நோயாகக் கிடக்க முடிந்தால்தான் அந்த ஏற்பாடு வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அதே பக்கத்தில் தகவல் சொல்லும் முறையும் இருக்கட்டும். வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு சொல் அனுப்பினால் போதும் என்று முன்பே பேசிக்கொள்ளலாம். "இன்று முடியாது" என்றால் முழு நாள்; "மதியம்" என்றால் இரண்டு மணிக்குப் பிறகு பார்க்கலாம். தலை வெடிக்கும் நேரத்தில் மன்னிப்புக் கேட்டு நீளமாக மெசேஜ் எழுத வைக்காதீர்கள்.

ஒற்றைத் தலைவலி பற்றி இன்னும் ஒன்று. மாத்திரையை வலி தொடங்கியதுமே போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். மீட்டிங் முடியட்டும் என்று காத்திருந்தால் அந்த நாள் போய்விடும். எழுந்து போக அனுமதி கேட்க வேண்டியதில்லை என்பதே இவருக்குப் பெரிய வசதி. மினுக்கும் டியூப்லைட்டை மாற்றுங்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள். பெயிண்ட் வாசனை, ரூம் ஸ்ப்ரே ஆகியவை சிலருக்கு ஆகவே ஆகாது. வலி மாத்திரையை வைத்துக்கொண்டே வேலையைத் தள்ளுகிறார் என்றால் அது நல்ல அறிகுறி இல்லை. சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, ஒற்றைத் தலைவலிக்கென்றே தரும் டிரிப்டான் வகை மாத்திரையை 10 நாளோ அதற்கு மேலோ, தொடர்ந்து சில மாதம் எடுத்தால் மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். விடுப்பு எடுக்கப் பயப்படுகிறவர்கள் இந்தக் குழியில்தான் விழுகிறார்கள்.

வலிப்புக்குக் கொஞ்சம் கூடுதல் இடம் தர வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதைச் சுற்றியிருக்கும் பயம் பெரியது. இந்து திருமணச் சட்டம் 1999 வரைக்கும் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்தது. அந்த வரி போய்விட்டது, மனதில் இருப்பது போகவில்லை. வேலை போய்விடும் என்று மறைக்கிறார்கள். மறைப்பதால் உடன் இருப்பவர்களுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் போகிறது.

ஒருவர் வலிப்பு வந்து விழுந்தால் முதலில் மணியைப் பாருங்கள். சுற்றியுள்ள நாற்காலி, கூர்மையான பொருட்களை நகர்த்துங்கள். தலைக்கு அடியில் மடித்த துணியோ பையோ வையுங்கள். கண்ணாடியைக் கழற்றி, கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். உதறல் இருக்கும்போது கைகாலை அழுத்திப் பிடிக்க வேண்டாம். அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், எச்சில் வெளியே வழிந்துவிடும். வாயில் எதையும் வைக்கக் கூடாது, ஸ்பூன், துணி, விரல், தண்ணீர், மாத்திரை எதுவும். முழு நினைவு திரும்பும் வரை சோடாவும் வேண்டாம். 5 நிமிடத்தைத் தாண்டினால், நினைவு வராமலே அடுத்தது வந்தால், அடிபட்டிருந்தால், கர்ப்பிணியாக இருந்தால், அல்லது வாழ்க்கையில் இதுவே முதல் முறை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரும்பைக் கையில் கொடுப்பது பற்றி. பெரும்பாலான வலிப்பு ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே அடங்கிவிடும். சாவிக்கொத்தைத் தேடி எடுத்து வருவதற்கும் அந்த நேரம்தான் ஆகிறது. அதனால் சாவிதான் அடக்கியது என்ற நம்பிக்கை தலைமுறை தலைமுறையாக நிற்கிறது. இரும்பு எதையும் அடக்குவதில்லை. உதறுகிற கையில் அது காயம்தான் உண்டாக்கும்.

விழாமலே வரும் வலிப்பும் உண்டு. ஒருவர் திடீரென வெறித்துப் பார்ப்பார், உதட்டைச் சப்புவார், சட்டைப் பட்டனைத் திருகிக்கொண்டே இருப்பார், கூப்பிட்டால் பதில் வராது. சூப்பர்வைசர் இதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு கையைப் பிடித்து உலுக்கினால், அவர் தன்னையறியாமல் உதறித் தள்ளக்கூடும். பிறகு அது "அடிக்க வந்தார்" என்ற புகாராக மாறும். பிடிக்காமல், மெஷின் பக்கமோ படிக்கட்டுப் பக்கமோ போகவிடாமல் பக்கத்தில் நின்றால் போதும்.

முடிந்தபின் குழப்பமும் தூக்கமும் இருக்கும், சிலருக்கு மணிக்கணக்கில். உடையில் சிறுநீர் போயிருக்கலாம். ஒரு பாய், ஒரு போர்வை, மாற்று உடை, கதவு மூடும் ஓர் அறை ஆகியவற்றை முன்பே வைத்திருங்கள். யாரும் போனில் படம் பிடிக்கக் கூடாது என்பதை விதியாகவே எழுதுங்கள். அதைவிட மானத்தைக் கெடுப்பது வேறில்லை.

வேலை ஒதுக்குவதில் பார்க்க வேண்டியது: ஏணி, திறந்த பட்டறை மெஷின், கொதிக்கும் சாயத் தொட்டி, தனியாகக் குடோனில் நிற்பது ஆகியவற்றைத் தவிர்க்கலாம். மற்றதெல்லாம் அவரால் முடியும். தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும்தான் பெரிய எதிரிகள். சுழல் ஷிப்ட் இரண்டையும் ஒருசேரக் கெடுக்கிறது, ஏனென்றால் 12 மணி நேர இடைவெளியில் போட வேண்டிய மாத்திரை ஒவ்வொரு வாரமும் நேரம் மாறும். அதனால் நிலையான பகல் ஷிப்ட் கொடுங்கள். கம்ப்யூட்டர் திரை வேண்டாம் என்று எல்லாருக்கும் தடை போடத் தேவையில்லை. மினுக்கும் வெளிச்சத்தால் வலிப்பு வருவது சிறு பகுதியினருக்கே. ஓட்டுநர் உரிமத்துக்கான படிவம் 1-இல் வலிப்பு உண்டா என்ற கேள்வி இருக்கிறது. ஆகவே வண்டி ஓட்டத் தேவையில்லாத வேலைகளுக்கு "லைசன்ஸ் கட்டாயம்" என்று விளம்பரத்தில் போடுவது இவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவதுதான்.

சூடும் குளிரும் தண்ணீரும் சாதாரண விஷயங்களாகத் தெரியும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் உள்ளவருக்கு உடல் வெப்பம் அரை டிகிரி கூடினாலே பார்வை மங்கும், கால் தள்ளாடும், குளிர்ந்தால் சரியாகும். மே மாதச் சென்னையில் அவருக்கு ஏ.சி. பக்கத்து இருக்கை ஒரு மருத்துவத் தேவை. சிக்கிள் செல் உள்ளவருக்கு நேர் எதிர்: குளிரும் நீரிழப்பும் கடும் வலியைக் கிளப்பும், அவரை ஏ.சி. காற்று நேரே படும் இடத்தில் உட்கார வைக்காதீர்கள். நீலகிரியின் பழங்குடி மக்களிடையே இந்த நோய் இருப்பதால், அங்குள்ள தேயிலைத் தொழிற்சாலைகள் இதைக் கட்டாயம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். இருமுனைக் கோளாறுக்கு லித்தியம் சாப்பிடுபவர் வியர்த்துத் தண்ணீர் குறைந்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி ஆபத்தாகும். குடல் அழற்சி உள்ளவருக்குக் கழிவறைக்குப் பக்கத்தில் இடமும், போய்வர டோக்கன் வாங்க வேண்டாத உரிமையும் வேண்டும்.

முடக்குவாதத்தில் காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலேயும் நிற்கும். 9 மணிக்குப் பதில் 10.30-க்கு வரலாம் என்று சொல்லிவிட்டு, கம்பெனி பஸ் 7.15-க்குத்தான் என்று விட்டுவிட்டால் அந்தச் சலுகை காகிதத்தில்தான் இருக்கும். போக்குவரத்தையும் சேர்த்தே யோசியுங்கள். இதற்கு வாரம் ஒரு முறை மெத்தோட்ரெக்சேட் மருந்து போடுபவர்களில் சிலருக்கு மறுநாள் குமட்டலும் அசதியும் இருக்கும். மருந்து நாளைச் சனிக்கிழமைக்கு மாற்றலாமா என்று அவர் தன் டாக்டரிடம் கேட்கலாம்.

மனநலப் பாதிப்பில் முன்னறிகுறிகளை அவரே சொல்லி எழுத வேண்டும்: மூன்று நாள் தூக்கமில்லை, இரவு 2 மணிக்கு வரிசையாக மெயில், பேச்சு வேகம். அப்போது யார் அவரிடம் பேசலாம், வீட்டில் யாருக்குச் சொல்லலாம் என்பதையும் அவரே குறிப்பிட வேண்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐயும் அதே தாளில் எழுதிவையுங்கள். நோயின் உச்சத்தில் அனுப்பிய மெயிலுக்கு உடனே மெமோ கொடுக்காதீர்கள். மத்திய ரிசர்வ் போலீஸ் படை ஊழியர் ஒருவரின் வழக்கில் 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், மனநலப் பாதிப்புள்ளவர் மீது எடுக்கப்படும் இத்தகைய ஒழுங்கு நடவடிக்கை மறைமுகப் பாகுபாட்டின் ஒரு வடிவம் என்று சொல்லியிருக்கிறது.

இப்போது விடுப்புக் கணக்கு, அதாவது பணம். தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி ஈட்டிய விடுப்பு, நோய் விடுப்பு, தற்செயல் விடுப்பு ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 12 நாள் உண்டு. இ.எஸ்.ஐ.யில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீத ஊதியம் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு முறையும் முதல் 2 நாளுக்குப் பணம் இல்லை. முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி வந்தால் மட்டுமே அந்த 2 நாள் கழிவு கிடையாது. மாதம் ஒரு நாள், ஒன்றரை நாள் என்று விழுபவருக்கு இ.எஸ்.ஐ. கைகொடுக்காத காரணம் இதுதான். இந்த ஓட்டையை நிறுவனம்தான் அடைக்க வேண்டும். நோய் விடுப்பை அரை நாளாக, இரண்டு மணி நேரமாகக்கூட எடுக்க விடுங்கள். 12 நாளை 24 அரை நாளாகப் பிரித்தாலே பலருக்கு ஆண்டு ஓடிவிடும்.

அட்டெண்டன்ஸ் போனஸ் இன்னொரு சிக்கல். ஒரு நாள் வராவிட்டால் மாத போனஸ் முழுதும் போய்விடும் என்றால், வலிப்பு வந்த மறுநாள் காலை அவர் மெஷின் முன்னால் நிற்பார். குறிப்பிட்டுப் பதிவான நோய் நாட்களை இந்தக் கணக்கிலிருந்து விலக்குங்கள். சில எச்.ஆர். மென்பொருள்களில் பிராட்ஃபோர்டு கணக்கு இருக்கும்: விடுப்பு எடுத்த தடவைகளின் வர்க்கத்தை மொத்த நாட்களால் பெருக்குவது. ஒரே மூச்சில் 10 நாள் விடுப்பு எடுத்தவருக்கு 10 புள்ளி. 10 தடவை ஒவ்வொரு நாளாக எடுத்தவருக்கு 1000. நாட்கள் அதே 10. விட்டுவிட்டு வரும் நோய் உள்ளவரைத் தேடிப் பிடித்துத் தண்டிக்கும் கணக்கு இது. அவருக்கு இதை அணைத்து வைப்பதுதான் நியாயம்.

கூட வேலை செய்பவர்களின் எரிச்சலை அலட்சியம் செய்ய வேண்டாம். அது பெரும்பாலும் நோயாளி மேல் வருவதல்ல; கூடுதல் வேலை சம்பளமில்லாமல் தங்கள் தலையில் விழுவதால் வருவது. இரண்டாவது ஆளுக்கு ஓ.டி. கொடுங்கள், அல்லது அவருடைய வேறு வேலை ஒன்றைத் தள்ளிப் போடுங்கள். "இது பேசி ஒப்புக்கொண்ட ஏற்பாடு" என்ற ஒரு வாக்கியத்துக்கு மேல் குழுவுக்கு விளக்கம் தேவையில்லை.

நீண்ட தாக்குதலுக்குப் பின் திரும்பி வருபவரை முதல் நாளே தேங்கிய வேலைக்குவியல் முன் உட்கார வைத்தால் அடுத்த வாரமே மறுபடி படுப்பார். முதல் வாரம் 4 மணி நேரம், இரண்டாம் வாரம் 6, பிறகு முழு நாள் என்று டாக்டருடன் பேசி ஏற்றலாம். தேங்கியதை அவர் வருவதற்கு முன்பே பிரித்துக் கொடுத்துவிட வேண்டும்.

அந்த ஒரு பக்கத் தாளை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும், ஒவ்வொரு பெரிய தாக்குதலுக்குப் பிறகும் எடுத்துப் பாருங்கள். மருந்து மாறியிருக்கும், வேலை மாறியிருக்கும். பெரும்பாலும் இந்த ஏற்பாடு குலைவது மேலாளர் மாறும்போதுதான். பழையவர் வாய்வார்த்தையாக நடத்தி வந்தது புதியவருக்குத் தெரியாது, ஊழியர் மறுபடி முதலிலிருந்து தன் உடம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே தாளில் மேலாளர், ஊழியர், எச்.ஆர். மூவரும் கையெழுத்திட்டு, பிரதி ஒன்றை ஊழியர் கையில் கொடுங்கள். புதிய மேலாளர் பொறுப்பேற்கும் முதல் வாரத்தில் மூவரும் உட்கார்ந்து அதைப் படித்து, புதிய கையெழுத்தைப் போட்டுவிட்டு மற்ற வேலையைத் தொடங்கட்டும்.